'கலகலப்பு' 'கலப்பு' ஆனபோது

அது ஒன்பதாம் வகுப்புத் தமிழ் வினாத்தாள். இரண்டு ஆசிரியர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்தபடி ஒரே கோப்பைத் திறந்து, ஒருவர் இலக்கணப் பகுதியும் மற்றவர் செய்யுள் பகுதியும் அடித்துக்கொண்டிருந்தார்கள். பாதி வேலையில் எழுத்துகள் இரட்டிக்கத் தொடங்கின. 'பொருள் தருக' என்று அடித்தால் 'பொருபொருள் தருக' என்று விழுந்தது. பக்கத்துக்கு ஏழெட்டு இடங்களில் இப்படி. இருவரில் மூத்தவர் எங்கள் உதவி எண்ணுக்கு அழைத்தார். "தம்பி, நான் எழுதாததை உங்க சாப்ட்வேர் என் பேர்ல எழுதுது" என்றார். குரலில் கோபம் இல்லை. தாள் சீக்கிரம் அச்சுக்குப் போக வேண்டும் என்ற கவலைதான் இருந்தது.

நான் பிரவுசரில் இயங்கும் ஓர் ஆபீஸ் தொகுப்பில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். கடிதம், விரிதாள், ஸ்லைடு மூன்றும் அதில் உண்டு. என் நாளில் பாதி பக், அதாவது மென்பொருள் பிழை, திருத்துவதில் போகும், மீதி புது வசதிகள் சேர்ப்பதில் போகும். இந்த வேலைக்கு வரும் புதியவர்களிடம் முதல் நாளே ஒன்று சொல்வேன். நிரலைத் திறப்பதற்கு முன், ஓர் எழுத்து விரலில் இருந்து கிளம்பிக் கோப்புக்குள் போய்ச் சேரும் வரை எத்தனை கை மாறுகிறது என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள் என்பேன். பக் கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்று, அது குடியிருக்கும் இடம் வேறு. தெருவில் எத்தனை வீடு என்று தெரியாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும்.

எங்கள் தொகுப்பில் அந்தப் பாதை இப்படிப் போகிறது. கீபோர்டு எழுத்தைப் பிரவுசரிடம் கொடுக்கிறது. பிரவுசர் தனக்குள் ஓடும் எங்கள் ஜாவாஸ்கிரிப்ட் நிரலிடம் கொடுக்கிறது. அது 'இந்தப் பத்தியில், இத்தனையாவது இடத்தில், இதைச் சேர்' என்று ஒரு கட்டளையாக எழுதி வெப்சாக்கெட் என்ற, திறந்தே இருக்கும் இணைப்பு வழியே சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் எல்லாருடைய கட்டளைகளையும் வரிசைப்படுத்தி மற்றவர்களின் திரைக்குத் தள்ளுகிறது. கடைசியில் யாரோ டவுன்லோடு அழுத்தும்போது அது வேர்ட் கோப்பாகிறது. எல்லாத் தொகுப்பும் இப்படித்தான் என்று இல்லை. இலவச ஆபீஸ் தொகுப்பான லிப்ரேஆபீஸை அடிப்படையாகக் கொண்ட கொலாபரா ஆன்லைனில் பக்கம் சர்வரிலேயே வரையப்பட்டு, சின்னச் சின்னச் சதுரப் படங்களாகப் பிரவுசருக்கு வருகிறது. கூகுள் டாக்ஸ் 2021-ல், பிரவுசரின் சொந்தப் பத்திகளை விட்டுவிட்டு கேன்வாஸ் என்ற வெற்று வரைபலகையில் தானே எழுத்தை வரையும் முறைக்கு மாறப்போவதாக அறிவித்தது. நாங்கள் இன்னும் பிரவுசரின் பத்திகளைத்தான் நம்பியிருக்கிறோம். இதில் எந்த வழி என்பதைப் பொறுத்து பக்குகளின் குணமே மாறும். அதனால் வேறொரு தொகுப்பில் பழகியவர் அந்த அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சரிப்படாது.

வினாத்தாளுக்கு வருகிறேன். முதல் ஒரு வாரம் என்னால் அந்தப் பக்கை என் மேசையில் வரவழைக்கவே முடியவில்லை. அவருடைய பிரவுசர் எது, பதிப்பு எது, இணைய வேகம் எவ்வளவு என்று எல்லாம் கேட்டிருந்தேன். அதே பிரவுசர், அதே கோப்பு, இரண்டு ஜன்னல், இரண்டு பயனர். மணிக்கணக்கில் அடித்தேன். ஓர் எழுத்துகூட இரட்டிக்கவில்லை. அப்புறம்தான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"ஐயா, நீங்க எதுல டைப் பண்றீங்க?"

"போன்லதான் தம்பி. அம்மான்னு இங்கிலீஷ்ல அடிச்சா தமிழ்ல வருமே, அதுல."

விஷயம் அங்கேதான் இருந்தது. நான் லேப்டாப்பில் தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிக்கிறவன். என் கணினியில் விசையைத் தட்டியதும் எழுத்து அந்த நொடியே பதிவாகிவிடும். போனில் ஒலிபெயர்த்து அடிக்கும்போது அப்படி இல்லை. சொல்லின் அடியில் மெல்லிய கோடு ஒன்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோடு இருக்கும் வரை சொல் இன்னும் கீபோர்டின் கையில்தான் இருக்கிறது. ஸ்பேஸ் தட்டினாலோ பரிந்துரையைத் தொட்டாலோதான் அது நம்மிடம் ஒப்படைக்கப்படும். அதுவரை கீபோர்டு அந்தச் சொல்லை எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து அழித்து மாற்றி எழுதும்.

ஆண்ட்ராய்டு குரோமில் இந்த நேரத்தில் விசை நிகழ்வுகளைப் பதிந்து பார்த்தால் ஒன்றும் புரியாது. எந்த விசையைத் தட்டினாலும் எண் 229 என்றுதான் வரும். எந்த எழுத்து என்ற விவரம் அதில் இருக்காது. எங்கள் பழைய லாக் (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவு) முழுவதும் விசை நிகழ்வுகளையே நம்பியிருந்தது, அதனால்தான் அவர் அனுப்பிய லாகில் 229-களின் ஊர்வலம் மட்டும் தெரிந்தது. நீங்கள் இப்படி ஒரு எடிட்டரில் வேலை செய்தால், சொல் உருவாகத் தொடங்குவது, மாறுவது, முடிவது ஆகிய மூன்று நிகழ்வுகளையும், உள்ளீட்டுக்கு முன்னும் பின்னும் வருகிற இரண்டையும் லாகில் சேர்த்து வையுங்கள். அவற்றை வரிசையாகப் படித்தால் கீபோர்டு என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அப்படிப் படித்தபோது காரணம் தெரிந்தது. ஒருவர் அடிக்கும்போது மற்றவரின் மாற்றம் வந்து சேர்ந்தால், எங்கள் நிரல் அந்தப் பக்கம் முழுவதையும் புதிதாக வரைந்துவிடும். மாறியது வேறொரு பத்தியாக இருந்தாலும்கூட அப்படித்தான். முன்பு யாரோ வேகத்துக்காகச் செய்த குறுக்குவழி அது. ஆசிரியர் 'பொரு' வரை அடித்திருக்கிறார். அடியில் கோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நொடியில் மற்ற ஆசிரியரின் செய்யுள் வரி வருகிறது. பக்கம் மறுபடி வரையப்படுகிறது. கீபோர்டு பிடித்துக்கொண்டிருந்த 'பொரு' காணாமல் போகிறது. அதன் இடத்தில், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வேறொரு 'பொரு' நிற்கிறது, ஆனால் அது கீபோர்டுக்குத் தெரிந்த 'பொரு' அல்ல. அடுத்து 'ள்' வந்ததும் கீபோர்டு தன் கணக்குப்படி முழுச் சொல்லையும் புதிதாக வைக்கிறது. பொரு, பொருள். தனியாக அடிக்கும்போது ஏன் வரவில்லை, லேப்டாப்பில் ஏன் வரவில்லை என்ற இரண்டு கேள்விக்கும் இதுதான் பதில்.

காரணம் தெரிந்த பிறகும் நான் முதலில் செய்தது தவறான திருத்தம். பக்கத்தை முழுக்க வரையும் அந்தக் குறுக்குவழியை எடுப்பதென்றால் நாற்பது இடங்களில் கை வைக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு அவசரம். எனவே சொல் முடிந்து நம்மிடம் வரும் இடத்தில் ஒரு சோதனை போட்டேன். சொல்லின் தொடக்கத் துண்டு அடுத்தடுத்து இரண்டு முறை வந்திருந்தால் ஒன்றை எடுத்துவிடு. 'பொருபொருள்' ஒழுங்காக 'பொருள்' ஆனது. இருந்த டெஸ்ட் எல்லாம் பாஸ். வெளியிட்டோம்.

மூன்று நாளில் அவரே மறுபடி அழைத்தார். பதினான்காம் கேள்வி இரட்டைக்கிளவி. 'சலசல' என்று அடித்தால் 'சல' என்று நிற்கிறது. உரைப்பத்தியில் 'கலகலப்பாகப் பேசினாள்' என்பது 'கலப்பாகப் பேசினாள்' என்று ஆகியிருக்கிறது. "இரட்டைக்கிளவியைப் பிரிச்சா பொருளே கிடையாது தம்பி. கேள்வியே செத்துப்போச்சு" என்றார். நான் தமிழில் யோசித்து, தமிழில் பேசி, தமிழுக்காக ஒரு திருத்தம் எழுதிவிட்டு, தமிழில் இப்படிப்பட்ட சொற்கள் குவியலாக இருக்கின்றன என்பதை நினைக்கவில்லை. படபடப்பு, பளபளப்பு, மளமள, கிடுகிடு. எந்தச் சொல்லை எடுத்தாலும் என் திருத்தம் அதை வெட்டியிருக்கும். முதல் பக் எழுத்தைக் கூட்டியது, அவர் கண்ணில் பட்டது, திருத்திக்கொண்டார். என் திருத்தம் சத்தமில்லாமல் எழுத்தைக் குறைத்தது. ஆவணத்தில் எழுத்து கூடுவதைவிடக் குறைவது மோசம். இல்லாததை யார் பார்ப்பார்கள்?

அன்றே அந்தச் சோதனையை எடுத்துவிட்டு, சுற்றுவழியில் போகாமல் நேராகப் போனோம். முதலில், மாறிய பத்தியை மட்டும் வரைவது. நாற்பது இடம் என்று பயந்தது கடைசியில் முப்பத்தொரு இடமாக முடிந்தது, இரண்டு வாரம் பிடித்தது. அடுத்து, கீபோர்டின் கையில் சொல் இருக்கும் அந்தப் பத்தியிலேயே மற்றவரின் மாற்றம் வந்தால் அதை வரிசையில் நிறுத்தி வைப்பது. சொல் முடிந்ததும், நடுவில் சேர்ந்த எழுத்துகளுக்கு ஏற்ப இடத்தை மாற்றிக் கணக்கிட்டுச் சேர்ப்பது.

நிறுத்தி வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் பாதிச் சொல்லில் போனைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் என்ன ஆகும்? முழு ஆவணத்துக்கும் நிறுத்தி வைத்திருந்தால் அவர் திரை அரை மணி நேரம் பழையதாகவே கிடக்கும். அதனால்தான் அந்த ஒரு பத்திக்கு மட்டும் என்று வரம்பு கட்டினோம். மற்றப் பத்திகள் எல்லாம் உடனுக்குடன் மாறும்.

டெஸ்ட் எழுதுவதுதான் அடுத்த தலைவலி. விசைகளை வரிசையாகத் தட்டுவதுபோல நடிக்கும் வழக்கமான ஸ்கிரிப்டுகளால் போன் கீபோர்டு செய்வதைச் செய்து காட்ட முடியாது. குரோமின் டெவலப்பர் நெறிமுறையில், ஒரு சொல் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையை உண்டாக்க ஒரு கட்டளை இருக்கிறது. அதை வைத்து, சொல்லின் நடுவில் இன்னொரு பயனரின் மாற்றத்தை வேண்டுமென்றே விழவைக்கும் டெஸ்ட் எழுதினோம். அது போதாது என்று இரண்டு பழைய ஆண்ட்ராய்டு போன்கள் வாங்கி மேசையில் வைத்திருக்கிறோம். தானியங்கி டெஸ்ட் நூறு இருந்தாலும் கையால் ஒருமுறை தட்டிப் பார்க்காமல் நான் எதையும் வெளியே விடுவதில்லை.

இடத்தைக் கணக்கிடுவது என்றேன். இருவர் ஒரே வரியில் எழுதும்போது, நீங்கள் 10-ஆம் இடத்தில் ஓர் எழுத்தைச் சேர்த்தால், நான் 12-ஆம் இடத்தில் சேர்க்க நினைத்தது 13 ஆக வேண்டும். இந்தக் கணக்கை முறைப்படுத்திய ஆய்வு 1989-லேயே வந்துவிட்டது. கணக்கு பழையதுதான். ஆனால் 'ஓர் இடம்' என்றால் என்ன என்பதில் எல்லாரும் ஒத்துப்போக வேண்டுமே. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு தமிழ்க் குறியீட்டை, அதாவது ஓர் அடி எழுத்தையோ அதோடு சேரும் குறியையோ, 1 என்று எண்ணும். சிரிக்கும் எமோஜி ஒன்றை 2 என்று எண்ணும். எங்கள் சர்வரில் இருந்த மொழி இரண்டையும் 1 என்றது. பைட் கணக்கில் போனால் தமிழ்க் குறியீடு 3, எமோஜி 4. தமிழில் மட்டும் எழுதும்வரை பிரவுசரும் சர்வரும் ஒத்துப்போயின. யாரோ ஒருவர் திருமண அழைப்பிதழ் வரைவில் ஓர் எமோஜி வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பத்தியில் மற்றவர்கள் அடித்தது எல்லாம் ஓரிடம் தள்ளி விழுந்தது. மெய்யின் புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்தது. அந்தப் பக்கில் எங்களுக்கு ஆறுதல், அது உடனே கண்ணில் பட்டது என்பதுதான். அன்றிலிருந்து எண்ணிக்கை எந்த அலகில் என்பதை மாறியின் பெயரிலேயே எழுதுகிறோம்.

பேக்ஸ்பேஸ் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்திய மொழிகளில் பழகாத சகாக்கள் இதில் தவறாமல் தடுக்கி விழுகிறார்கள். 'கொ' என்பதற்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் தட்டினால் ஒகரக் குறி மட்டும் போய் 'க' நிற்க வேண்டும். முன்னால் வைத்து டெலிட் தட்டினால் முழு 'கொ'வும் போக வேண்டும். அம்புக்குறி எழுத்தின் நடுவே நிற்காமல் முழு எழுத்தையும் தாண்ட வேண்டும். மூன்றும் மூன்று விதம். தமிழ் அடிப்பவர் கைக்கு இது பழக்கம். ஒரு சகா 'எல்லாம் ஒரே சீராக இருக்கட்டும்' என்று பேக்ஸ்பேஸையும் முழு எழுத்தை அழிக்கும்படி மாற்றி அனுப்பினார். ஆங்கிலத்தில் பார்த்தால் அவர் சொன்னது நியாயமே. நான் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, 'கோ' என்று அடிக்க வந்து 'கொ' என்று தவறிவிட்டால் எத்தனை முறை தட்ட வேண்டியிருக்கும் என்று காட்டினேன். அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிரிக்க பிரவுசரிலேயே ஒரு கருவி உண்டு. குரோமில் முன்பே வந்துவிட்டது, ஃபயர்பாக்ஸில் 2024-ல்தான் வந்தது. அதுவரை நாங்களே எழுதிய பட்டியலை வைத்து ஒப்பேற்றினோம். இப்போதும் 'க்ஷ' அதற்கு இரண்டு துண்டுதான். திரையில் ஒரே உருவம், கணக்கில் 'க்' ஒன்று 'ஷ' ஒன்று. கர்சர் அந்த உருவத்தின் வயிற்றில் போய் நிற்கும். லக்ஷ்மி என்று பெயருள்ளவர்கள் எல்லாரும் இதைக் கவனித்திருப்பார்கள்.

தேடல் வசதியில் வேறொரு தமிழ்ப் பிரச்சினை. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பழைய கருவிகளில் அடித்த கோப்புகளில் இரண்டாவது வகை நிறையக் கிடைக்கும். தேடினால் 'கொடி' கிடைக்காது. கண்ணெதிரே இருக்கும். எழுத்துகளுக்குக் குறியீடு வகுக்கும் யூனிகோடு தரம் இரண்டையும் சமம் என்றே சொல்கிறது, இயல்பாக்கினால், அதாவது எல்லாவற்றையும் ஒரே வகைக்கு மாற்றினால், ஒன்றாகிவிடும். ஆனால் ஆவணத்தையே இயல்பாக்கி எழுதிவிடாதீர்கள். இரண்டு குறியீடு ஒன்றானால் இடக் கணக்கு மாறும், கூடவே எழுதுபவரின் கட்டளைகள் தவறான இடத்தில் விழும். தேடும்போது மட்டும் ஒரு நகலை இயல்பாக்கி, கிடைத்த இடத்தை மூலத்தின் இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கோப்பாகச் சேமிக்கும் கட்டத்தில் நடந்தது இது. ஒரு சங்கத்தின் ஆண்டறிக்கை. எங்கள் திரையில் தலைப்புகள் எல்லாம் தடிமனாக இருந்தன. வேர்டில் திறந்தால் ஆங்கிலச் சொற்கள் மட்டும் தடிமன், தமிழ் சாதா எழுத்து. அளவும் சின்னதாகிவிட்டது. அனுப்பியவர் 'ஃபான்ட் சரியில்லை' என்று எழுதியிருந்தார். பயனர் சொல்லும் காரணத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் அவர் பார்த்தது என்ன என்பதை முழுசாக நம்ப வேண்டும். வேர்ட் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால் உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். அதே தலைப்பை வேர்டிலேயே அடித்துச் சேமித்து, அதையும் பிரித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

அந்த வடிவத்தில் ஒவ்வொரு துண்டு எழுத்துக்கும் தடிமன் இரண்டு முறை எழுதப்படும். ஒன்று சாதாரண எழுத்துகளுக்கு, இன்னொன்று தமிழ், அரபு போன்ற, வடிவமைக்கச் சிரமமான எழுத்துகளுக்கு. அளவும் அப்படியே இரண்டு. நாங்கள் தமிழ்த் துண்டுக்கு 'இது இரண்டாம் வகை எழுத்து' என்ற குறியை மட்டும் சரியாக வைத்துவிட்டு, தடிமனையும் அளவையும் முதல் வகையில் மட்டும் எழுதியிருந்தோம். வேர்ட் அந்தக் குறியைப் பார்த்தது, இரண்டாம் வகையில் தேடியது, ஒன்றும் இல்லை என்றதும் சாதாவாகக் காட்டிவிட்டது. வேர்டின் பக்கம் எந்தத் தவறும் இல்லை. லிப்ரேஆபீஸ் பயன்படுத்துகிற ஓடிஎஃப் வடிவத்திலும் இதே பிரிவினை உண்டு. எனவே தமிழ் ஆவணம் கையாளும் எந்தத் தொகுப்பிலும் 'ஆங்கிலத்துக்கு வருகிறது, தமிழுக்கு வரவில்லை' என்று ஒரு புகார் வந்தால், முதலில் இந்த இரண்டாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். திருத்தம் நான்கே வரிதான்.

பயனரின் கோப்பைக் கேட்பது பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எவ்வளவு வந்தாலும் கோப்பு ஒன்றுக்கு ஈடாகாது. ஆனால் அதில் சம்பள விவரம் இருக்கும், நோயாளியின் பெயர் இருக்கும், பெண் பார்க்கிற ஜாதகம்கூட வந்திருக்கிறது. கேட்க நமக்கே கூச்சமாக இருக்க வேண்டும். எனவே ஒரு சின்னக் கருவி எழுதி வைத்திருக்கிறோம். பயனர் தன் கணினியிலேயே அதை ஓட்டினால் தமிழ் மெய், உயிர்மெய்களின் அடி எழுத்து எல்லாம் 'க' ஆகிவிடும், உயிர்க் குறிகளும் புள்ளிகளும் அப்படியே இருக்கும். 'கணவர்' என்பது 'ககககக்' என்று மாறாமல் 'கககக்' என்று அதே நீளத்தில் நிற்கும். எண்கள் எல்லாம் 7 ஆகும். குறிகளை விட்டுவைப்பது முக்கியம், ஏனென்றால் பாதிப் பக்குகள் அவற்றில்தான் இருக்கின்றன. கோப்பு கிடைத்ததும் பாதிப் பத்திகளை அழிப்பேன். பக் இன்னும் வருகிறதா? வந்தால் மீதியில் பாதி. இருநூறு பக்கம் எட்டு வெட்டில் ஒரே பக்கமாகச் சுருங்கிவிடும்.

புது வசதிகளில் எனக்குப் பிடித்ததும் என்னை அதிகம் படுத்தியதும் ஒன்றேதான்: விரிதாளில் லட்சம், கோடிக் காற்புள்ளி. கூட்டுறவுச் சங்கக் கணக்கர் ஒருவர் கேட்டார். 1,234,567 என்று எழுதினால் கிளார்க்குகள் விரல் விட்டு எண்ணுகிறார்கள், 12,34,567 என்று வர வேண்டும் என்றார். மிக நியாயமான கோரிக்கை. பிரவுசரின் எண் வடிவக் கருவியிடம் இந்தியா என்று சொன்னால் அதுவே போட்டுத்தரும். காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்கு முன் திரையில் காட்டிவிட்டேன். அதன் பிறகு நான்கு மாதம் பிடித்தது.

முதலில் வந்தது எண்ணை உள்ளே வாங்கும் பிரச்சினை. லட்சக் காற்புள்ளியில் காட்டினால் மக்கள் அதே மாதிரி அடிக்கவும் செய்வார்கள். 1,50,000 என்று அடித்து என்டர் தட்டினார் அந்தக் கணக்கர். எங்கள் நிரல் மூன்று மூன்று இலக்கமாகத்தான் எதிர்பார்த்தது. இது எண் அல்ல, எழுத்து என்று முடிவுகட்டி அப்படியே வைத்துக்கொண்டது. திரையில் 1,50,000 என்றே தெரிந்தது. ஒரே வித்தியாசம், எண்கள் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், இது இடப்பக்கம் ஒட்டி நின்றது. கூட்டல் சூத்திரம் எழுத்தைக் கணக்கில் எடுக்காது. மொத்தத்தில் ஒன்றரை லட்சம் குறைந்தது. அவர் பேரேட்டோடு ஒப்பிடும் பழக்கமுள்ளவர் என்பதால் பிடித்துவிட்டார். வசதியைச் சேர்ப்பதற்கு முன்பும் அப்படி அடித்தால் அது எழுத்தாகத்தான் போயிருக்கும். ஆனால் முன்பு யாரும் அப்படி அடிக்கவில்லை. அடிக்கச் சொல்லிக் கொடுத்தது எங்கள் வசதி. அதனால் பொறுப்பும் எங்களுடையதுதான்.

அடுத்தது கோப்பு. எக்செல்லில் சாதாரணக் காற்புள்ளி வடிவத்தில் சேமித்தால், விண்டோஸின் வட்டார அமைப்பு இந்தியா என்று இருக்கும் கணினியில் அதுவே லட்சக் கணக்கில் தெரியும். அமெரிக்கா என்று இருந்தால் மில்லியன் கணக்கு. அதாவது காற்புள்ளி எங்கே விழும் என்பது கோப்பில் இல்லை, பார்ப்பவரின் கணினியில் இருக்கிறது. எல்லாக் கணினியிலும் லட்சமாகவே தெரிய வேண்டும் என்றால், பலர் பல வருடமாகச் செய்யும் ஒரு வித்தை உண்டு. எண் வடிவத்துக்குள்ளேயே நிபந்தனை எழுதுவது: கோடிக்கு மேல் இப்படி, லட்சத்துக்கு மேல் இப்படி, மற்றவை வழக்கம்போல். ஆனால் ஒரு வடிவத்தில் இரண்டு நிபந்தனைக்குத்தான் இடம். கழித்தல் எண்கள் மூன்றாவதான 'மற்றவை'யில் போய் விழும். 25,00,000 வரவு ஒழுங்காக இருக்கும், அதே தொகை நஷ்டமானால் -2,500,000 என்று காட்டும். ஒரே நெடுவரிசையில் இரண்டு மாதிரி. இதைவிட மில்லியன் கணக்கே மேல் என்று நான் வாதாடினேன். கடைசியில் இயல்பாகச் சாதாரண வடிவத்தையே சேமிப்பது என்றும், நிபந்தனை வடிவம் வேண்டுமென்று கேட்பவருக்கு மட்டும் தனியாகக் கொடுத்து, கழித்தல் எண்ணில் என்ன ஆகும் என்பதை அங்கேயே இரண்டு வரியில் சொல்வது என்றும் முடிவானது. கணக்கர் முதல் வழியையே எடுத்துக்கொண்டார். அவர் சங்கத்தில் எல்லாக் கணினியும் இந்திய அமைப்புதான்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு எந்த வசதியைத் தொடங்கினாலும் எங்கள் சுவரில் இருக்கும் கேள்விகளுக்கு முதலில் பதில் எழுதிவிடுகிறோம். அண்டூ அழுத்தினால்? வெட்டி ஒட்டினால், அதுவும் வேறு மென்பொருளில் இருந்து ஒட்டினால்? பிடிஎஃப்பில் எப்படி வரும்? பார்க்க மட்டும் அனுமதி உள்ளவருக்கு? போனில்? பழைய பதிப்பு திறந்து வைத்திருப்பவர் அதே கோப்பில் எழுதினால்? கடைசிக் கேள்விதான் பிரவுசர் தொகுப்புக்கே உரியது. நாம் புதுப்பதிப்பு போட்ட பிறகும், நேற்று திறந்த டேபை மூடாமல் வைத்திருப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

எல்லாப் பிழையையும் திருத்திவிடவும் கூடாது. விரிதாள் ஒவ்வொரு தேதியையும் நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கும். அதில் 60 என்ற எண்ணைத் தேதியாக மாற்றினால் எக்செல் 29 பிப்ரவரி 1900 என்று காட்டும். 1900 லீப் வருடமே அல்ல, அப்படி ஒரு நாள் கிடையாது. எக்செல்லுக்கு முன்பு வந்த விரிதாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3 செய்த பிழை அது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக எக்செல் தெரிந்தே அதை வைத்துக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை இதைக் கண்டுபிடித்து, மிக அழகாகத் திருத்தி, டெஸ்டோடு அனுப்பினார். சேர்த்திருந்தால் 1900 மார்ச் முதல் இன்று வரை எல்லார் கோப்பிலும் எல்லாத் தேதியும் ஒரு நாள் நகர்ந்திருக்கும். லிப்ரேஆபீஸ் வேறு வழி கண்டது. கணக்கின் தொடக்க நாளை 30 டிசம்பர் 1899 என்று வைத்தால் அந்த இல்லாத நாளும் வேண்டாம், மார்ச் முதல் எல்லாம் எக்செல்லோடு பொருந்தும். நாங்களும் அதையே பின்பற்றினோம். அந்தத் தங்கையின் டெஸ்டை மட்டும் எடுத்துக்கொண்டு, எதிர்பார்க்கும் விடையை மாற்றி, ஏன் என்று எட்டு வரிக் குறிப்பும் எழுதிச் சேர்த்தோம். அதன் பிறகு வேறு யாரும் அதைத் 'திருத்த' வரவில்லை.

ஆசிரியர் ஐயா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய அந்த வினாத்தாளை அனுமதி கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பதிப்புக்கு முன்பும் அதை இரண்டு போன்களிலும் திறப்போம். ஒருவர் செய்யுள் பகுதியில் நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருப்பார். நான் பதினான்காம் கேள்வியில் கர்சரை வைத்து, அடியில் கோடு ஓட ஓட, 'கலகலப்பு' என்று மெதுவாக அடிப்பேன்.